நாளைக்குக் காலை ஏழரைக்கு

நாளைக்குக் காலை ஏழரை மணிக்கு எனக்கு ஆபரேஷன். இப்போது இரவு ஒன்பதேகால். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளும் அறையில், ஜன்னல் ஓரக் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா கீழே பாய் விரித்துப் படுத்துவிட்டார். தூங்கவில்லை, தூங்குகிற மாதிரி நடிக்கிறார். நிஜமாகத் தூங்கினால் குறட்டை வரும். இன்னும் வரவில்லை.

என்ன ஆபரேஷன் என்று கேட்பீர்கள். வயிற்றில் தொங்குகிற தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பது. டம்மி டக் என்று சினிமாச் செய்திகளில் படித்திருப்பீர்கள். கேஸ் ஷீட்டில் 'அப்டாமினோபிளாஸ்டி' என்று எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மன்னிக்கவும், விசேஷம் இதுதான்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் திண்டுக்கல்லில் மளிகைக்கடை. பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'சிப்பம்'. 25 கிலோ அரிசி மூட்டையைக் கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த அன்று கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். 118 கிலோ. கிட்டத்தட்ட ஐந்து சிப்பம். அடுத்த இருபத்திரண்டு மாதத்தில் அது 71 ஆனது. எப்படி என்பது பெரிய ரகசியம் இல்லை. பரோட்டாவை விட்டேன், விடிகாலையில் மலைக்கோட்டைப் பக்கம் நடந்தேன், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துக்கொண்டேன், நடுவில் பத்து தடவை தோற்றேன். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு செய்தேன் என்பதற்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா, "ரெண்டு சிப்பம் இறக்கிட்டான்" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

எடை போனது. தோல் போகவில்லை.

பலூனில் காற்றை இறக்கினால் அது பழையபடி ஆகாது, பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் இழுத்துப் பிடிக்கிற நார்கள் இருக்கின்றன. வருஷக்கணக்கில் விரிந்தே கிடந்தால் அவை அறுந்து தளர்ந்துவிடும், எத்தனை தண்டால் எடுத்தாலும் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது அடிவயிற்றில் ஒரு மடிப்பாகத் தொங்குகிறது. பேண்ட் போடும்போது அதைக் கையால் தூக்கி உள்ளே வைத்துதான் பட்டன் போட வேண்டும். திண்டுக்கல் வெயிலில் மடிப்புக்கு அடியில் வேர்த்து, புண்ணாகி, பவுடர் கொட்டிக் கொட்டி, மே மாதம் முழுக்க ஒரு வாடை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால், அழகுக்காக வெட்டிக்கொள்கிறான் என்று நீங்களும் நினைப்பீர்கள். அழகும் உண்டு, மறுக்கவில்லை.

இரண்டாம் வருஷம் வகுப்போடு குற்றாலம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடினீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி, பதினாலு பேருடைய பையையும் செல்போனையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் எல்லாம் இல்லை. சட்டையைக் கழற்ற முடியாது, அவ்வளவுதான். குண்டாக இருந்த காலத்தில்கூட நான் கிணற்றில் சட்டை இல்லாமல் குதித்தவன். இளைத்த பிறகுதான் ஒளிய ஆரம்பித்தேன். 'எப்படிடா குறைச்ச, சூப்பர்டா' என்று ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, உள்ளே இருப்பதைக் காட்டவே கூடாது என்று ஆகிவிட்டது.

சரி, பயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

பயத்தின் முதல் பங்கு தாத்தாவுடையது. அம்மாவின் அப்பா. 2008-இல் குடலிறக்கம் என்று ஆபரேஷனுக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அம்மாவுக்கு அன்றிலிருந்து 'ஆபரேஷன்' என்றாலே கை நடுங்கும். நோய் இருந்து வெட்டினாலாவது பரவாயில்லை, நல்லா இருக்கிற உடம்பை எதற்கு வெட்டணும் என்பதுதான் ஒரு வருஷமாக அவர் கேட்கிற கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் மடிப்புக்கு அடியில் இருந்த புண்ணைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் அப்பாவிடம், "அவன் இஷ்டப்படி செஞ்சுவிடுங்க" என்றாராம்.

இரண்டாவது பங்கு பணம். ஒரு லட்சத்து எழுபதாயிரம். சாகிற பயத்தைவிட இது ஒரு சுற்று பெரியது, சத்தியமாக. வெட்டி எடுக்கும் தோலும் கொழுப்பும் எவ்வளவு இருக்கும் என்று அப்பா டாக்டரிடம் கேட்டார். இரண்டு கிலோ இருக்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அப்பா, "கிலோ எண்பத்தஞ்சாயிரமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்று காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்பினோம். கொடைரோடு தாண்டும்வரை அப்பா பேசவில்லை. வாடிப்பட்டி பக்கம் வந்ததும், "வேண்டாம்னா இப்பவே சொல்லு தம்பி, அடுத்த ஸ்டாப்புல இறங்கிருவோம். கட்டின அட்வான்ஸ் போனா போகுது" என்றார். திரும்ப வராத செலவை முடிவெடுக்கும்போது கணக்கில் சேர்க்கக்கூடாது என்று காஸ்டிங் பேப்பரில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது மட்டும் படித்த மளிகைக்கடைக்காரர் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சமயநல்லூர் வந்தது, அப்புறம் ஆரப்பாளையம்.

அட்மிஷன் போட்டு, ரத்தம் எடுத்து, சிஸ்டர் நாடி பார்த்தபோது 112. "பப்ளிக் எக்ஸாம் எழுத வந்த மாதிரி உக்காந்திருக்கீங்களே" என்றார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் 116. அவர் பார்க்கப் போகிறார் என்று தெரிந்ததுமே ஏறுகிறது, நான் என்ன செய்ய?

பயத்தைக் குறைக்க நான் மதியம் செய்த முதல் காரியம் மகா முட்டாள்தனம். யூடியூபில் ஆபரேஷன் வீடியோ பார்த்தேன். நாற்பது விநாடிதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இரண்டாவது, மூச்சை இழுத்து நிறுத்தி விடுவது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. இது கொஞ்சம் வேலை செய்தது, ஆனால் நிறுத்தியதும் பயம் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தது. மூன்றாவதுதான் உருப்படியானது. லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கம் கிழித்து, பயப்படுவதை எல்லாம் கேள்வியாக எழுதினேன். பதினோரு கேள்வி வந்தது. மயக்க மருந்து டாக்டர் வந்ததும் அந்தத் தாளை அப்படியே நீட்டினேன். அம்மா வயது இருக்கும் அந்த மேடத்துக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

'பாதியில் முழித்துக்கொண்டால்?' என்பது என் மூன்றாவது கேள்வி. ஆபரேஷன் முடியும்வரை நான் தலைமாட்டை விட்டு நகர மாட்டேன், மருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும், உன் நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் என் கண் எதிரே திரையில் ஓடும் என்றார். 'ஏன் பட்டினி?' என்பது ஆறாவது. மயக்கத்தில் தொண்டை தன் காவலை விட்டுவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, அதற்காகத்தான். சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும், அதனால் பத்து மணிக்கு மேல் எதையும் தொடாதே. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை, அதாவது ஐந்தரை வரை, குடிக்கலாம். நான் என்னவோ முதல் நாளே நாக்கு வறண்டு கிடக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பதினோராவது கேள்வி தாத்தா. அதைப் படித்துவிட்டு அவருக்கு என்ன வயது, இதயக் கோளாறு இருந்ததா, சர்க்கரை இருந்ததா என்று கேட்டார். வயது 74, இரண்டும் இருந்தது. "உனக்கு இருபத்தொண்ணு. எதுவும் ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா அவரும் நீயும் ஒரே கணக்கு இல்லப்பா" என்றார். வாயைத் திறக்கச் சொல்லி, ஆடுகிற பல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். எதுவும் ஆகாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றதும்தான் நிம்மதி வந்தது. விசித்திரம்தான்.

இப்போது பக்கத்துக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் ஒன்பது வயதுப் பையன், கூட அவன் அம்மா. கொதிக்கிற எண்ணெய் கொட்டி, கழுத்துத் தோல் வெந்து சுருங்கி, தாடையை மார்போடு இழுத்துப் பிடித்திருக்கிறது. அண்ணாந்து பார்க்க அவனால் முடியாது. பேச வேண்டும் என்றால் உடம்பையே பின்னால் சாய்த்துத்தான் நம் முகத்தைப் பார்க்கிறான். இது அவனுக்கு மூன்றாவது ஆபரேஷன். அந்தத் தோலை விடுவித்து, தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்துத் தைப்பார்களாம்.

அந்த அக்கா மதியம், "உங்களுக்கு என்ன தம்பி?" என்று கேட்டார்.

"ஹெர்னியா" என்றேன்.

யோசிக்காமல் வந்த பொய். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வியாதிப் பெயர் அது ஒன்றுதான் என்பதால் வந்திருக்கலாம். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ வாங்கப் போவதாக எழுந்து போனார். எனக்கு அந்தத் தோலும் என் தோலும் ஒரே அறையில் இருப்பதே அசிங்கமாகப் பட்டது. அவனுக்குத் தோல் போதவில்லை. எனக்குத் தோல் அதிகம், அதை வெட்டி வீச அப்பாவின் காசு.

காமர்ஸ் படித்த புத்தியோ என்னவோ, எனக்கு இந்த அறையே ஒரு பாடமாகத் தெரிந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மருத்துவச் சேவைக்கு வரி விலக்கு கொடுத்தார்கள். ஆனால் முடி நடுவது, காஸ்மெட்டிக் சர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி அந்த விலக்கில் வராது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றால் கெட்டதைச் சரிசெய்வது என்றால் மட்டும் விலக்கு உண்டு. இன்ஷூரன்சும் இதே பாட்டைத்தான் பாடும். தோற்றத்தை மாற்றுகிற சிகிச்சைக்குப் பணம் கிடையாது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின்னால் என்றால் உண்டு. ஒரே அறை, ஒரே டாக்டர், நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தக் கட்டிலில் விலக்கு, இந்தக் கட்டிலில் வரி. சட்டம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அவனுக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் 'உனக்கு இது தேவையில்லை' என்று அம்மா சொன்னதையே பில்லிலும் அச்சடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு சர்ஜன் வந்தார். தோல் எப்படித் தொங்குகிறது என்று படுத்திருந்தால் தெரியாதாம், அதனால் நிற்க வைத்து, நீல மார்க்கரால் கோடு போட்டார். இடுப்பின் இந்த எலும்பில் இருந்து அந்த எலும்புவரை கீழே ஒரு வளைவு, மேலே ஒரு வளைவு, நடுவில் நேர்கோடு. கீழ்க்கோடு ஜட்டிக்குள் மறைகிற இடத்தில். தழும்பு நிரந்தரம், ஒன்றரை வருஷத்தில் மங்கும், மறையாது என்று மறுபடியும் சொன்னார். இவர் ஒவ்வொரு தடவையும் கெட்டதைத்தான் முதலில் சொல்வார். முதல் தடவை போனபோது எடை ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நின்றால்தான் கத்தியை எடுப்பேன் என்று திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை ஹீமோகுளோபின் 10.8, இரும்பு மாத்திரையைக் கொடுத்து மறுபடியும் அனுப்பினார். தையலுக்குள் நீர் கட்டலாம், புண் ஆறத் தாமதமாகலாம், காலில் ரத்தம் உறையலாம், அதனால் நாளைக்கே எழுந்து நடக்க வைப்பேன், கூன் போட்டுத்தான் நடப்பாய், இரண்டு பக்கமும் டியூப் தொங்கும், ஆறு வாரம் இறுக்கமான பெல்ட், மூட்டை தூக்கக்கூடாது. கடைசியாகத் தொப்புள். அதை மட்டும் அதன் காம்போடு இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேல் தோலைக் கீழே இழுத்து, அதில் புதுசாக ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவருவாராம்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். வேறு எதற்கும் பேசாதவர் இதற்குப் பேசினார்.

"அப்ப தொப்புளு அதேதானே? மாத்த மாட்டாங்கள்ல?"

"அதேதாம்மா."

"சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வந்துருவேன்" என்றார். வர மாட்டேன், என்னால் பார்க்க முடியாது என்று நேற்றுவரை சொன்னவர்.

சர்ஜன் போனதும் கோடுகளோடு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். சட்டை கட்டிலில் கிடந்தது. திரை ஓரமாகப் பையன் எட்டிப் பார்த்தான், உடம்பைப் பின்னால் சாய்த்து.

"அண்ணே, உங்க வயித்துல மேப் வரைஞ்சிருக்காங்க."

இருபத்திரண்டு மாதத்தில், டாக்டர்களையும் வீட்டு ஆட்களையும் தவிர, அதைப் பார்த்த முதல் ஆள் அவன். அருவருப்போ பரிதாபமோ ஒன்றும் இல்லை. மேப் எப்படிப் போகிறது என்பதில்தான் கவனம். அவன் அம்மா, "டேய், உள்ள வாடா" என்று அதட்டிக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். ஹெர்னியாவுக்கு இப்படிக் கோடு போட மாட்டார்கள் என்று மூன்று ஆபரேஷன் பார்த்த அவருக்குத் தெரியாதா?

"பொய் சொல்லிட்டேன்க்கா" என்றேன். குண்டாக இருந்தது, குறைத்தது, தோல், புண், பவுடர் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்பதையும், உங்கள் பையனைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "கோடைல ரொம்ப அரிக்குமே தம்பி, இவனுக்கும் கழுத்துல அப்படித்தான்" என்றார். எந்தப் பவுடர் போடுகிறேன் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பத்து நிமிஷம் பவுடர் பற்றிப் பேசினோம். அதற்கப்புறம் சிஸ்டர் வந்து நாடி பார்த்தார். 88.

பையனிடம், ஊசி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். (பெரிய மனுஷன் கேட்கிற கேள்வியா!) "நம்பர் எண்ணச் சொல்வாங்க. நான் ஏழுக்கு மேல போனதே இல்ல" என்றான். "நீங்க எத்தனை போறீங்கன்னு சொல்லணும்" என்று பந்தயம் கட்டியிருக்கிறான். தோற்றால் என் போனில் ஒரு நாள் முழுக்க கேம். அவனுக்கு இதில் ஒரே அக்கறை அந்த போன்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் ஊரில் இருந்து அப்பத்தா போன். "உடம்புக்குள்ள பிளாஸ்டிக்க வச்சுத் தைப்பாங்களாமே, அது மக்காதேப்பா" என்றது. சிரித்து முடித்து, இல்லை அப்பத்தா, அந்தச் சொல்லுக்கு கிரேக்கத்தில் வனைவது, உருவம் கொடுப்பது என்று அர்த்தம், பிளாஸ்டிக் வாளி எல்லாம் அப்புறம் வந்தது என்றேன். குயவன் வேலை மாதிரியா என்றது. கிட்டத்தட்ட. நம் ஊர் வேலையும்கூட. திப்புவுடன் நடந்த 1792 யுத்தத்தில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். புனே அருகே நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு வைத்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' அதைப் படத்தோடு போட்ட பிறகுதான் ஐரோப்பிய டாக்டர்கள் அந்த முறையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து கொடுத்துக் காட்டியது 1846-இல். அப்படியானால் கவாஸ்ஜி எப்படித் தாங்கியிருப்பார்? முதல் நாள் ராத்திரி என்ன நினைத்திருப்பார்? அப்பத்தாவிடம் இதைக் கேட்கவில்லை. ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறது.

எட்டு மணிக்கு மூன்று இட்லி. அதற்கப்புறம் சிஸ்டர் ஒரு கத்தரிக்கோலோடு வந்து, நகம் வெட்டியாச்சா, மோதிரம், செயின் எல்லாம் கழற்றியாச்சா என்று கேட்டுவிட்டு, "அருணாக்கயிறும் இருக்கக் கூடாது" என்றார். அப்பாவுக்கு முகம் மாறியது. ஆண்பிள்ளை இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். என்னுடைய கறுப்புக் கயிற்றுக்குத் தனிச் சரித்திரமே உண்டு. 118-இல் கட்டியது. இளைக்க இளைக்க அம்மா அதில் முடிச்சு போட்டுப் போட்டுச் சுருக்கினார். புதுசு மாற்றவிடவில்லை. ஏழு முடிச்சு. சிஸ்டர் வெட்டியதும் அப்பா கையை நீட்டி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைக் குப்பையில் போடுங்கள் என்றேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

டீ வாங்கப் போனவர் புதுக் கயிறும் வாங்கி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு முழம் போல இருக்கும். பையில் இருந்து எடுத்து என் இடுப்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "நாளைக்கு அளவு என்ன வருமோ" என்று மறுபடி சுருட்டி வைத்துவிட்டார்.

மணி பத்தே கால் ஆகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் விளக்கை அணைத்துவிட்டார்கள். நாடி இப்போது எவ்வளவு என்று தெரியவில்லை, எண்ணிப் பார்க்கப் போவதில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்துதான் இருக்கிறது. தண்ணீர் குடிக்க ஐந்தேகாலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இருந்து குறட்டை வர ஆரம்பித்துவிட்டது. இது நிஜக் குறட்டை.